அம்மா கூப்பிட்டுப் பார்த்த பெயர்கள்

பனங்கற்கண்டோடு நல்லமிளகைத் தட்டிப் போட்டு வாயில் ஒதுக்கிக்கொண்டால் முதலில் ஒரு இனிப்பும், கொஞ்சம் பொறுத்துத் தொண்டைக்குழியில் ஒரு காந்தலும் வருமே, எனக்கு ஒன்பது வயதான வருஷத்துப் புரட்டாசி மாதம் முழுக்க என் நாக்கில் அந்த ருசிதான் இருந்தது. தொண்டை கட்டியது எனக்கல்ல, அம்மாவுக்கு. தினமும் சாயங்காலம் எங்கள் புஞ்சையின் மேற்கு ஓரத்தில் நின்றுகொண்டு, கிழக்கு ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்து, வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு அவள் கத்திய கத்தலுக்கு ஊரே திரும்பிப் பார்த்தது. வீட்டுக்கு வந்து தொண்டைக்குக் கற்கண்டை எடுக்கும்போது கூட நின்ற கூலிக்கு எனக்கும் ஒரு துண்டு கிடைக்கும். அவள் கத்தியதெல்லாம் பெயர்கள். பிறக்கப்போகிற பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று எங்கள் அம்மா புஞ்சைக்காட்டில் நின்று கூப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்தாள் என்றால், என்னோடு வேலை பார்க்கிற டீச்சர்கள் நம்ப மாட்டேன் என்கிறார்கள். பெருமைக்குச் சொல்கிறேன் என்கிறார்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

எங்கள் ஊர் இடைசெவலுக்குக் கிழக்கே, பஸ் நிற்கிற ரோட்டிலிருந்து உள்ளே நடந்து போக வேண்டிய சின்ன ஊர். அப்பா கோவில்பட்டியில் ஒரு "தீப்பெட்டி ஆபீஸில்" லாரிக்குச் சரக்கு ஏற்றுகிற வேலை பார்த்தார். ஆபீஸ் என்றதும் மேஜை நாற்காலியை நினைத்துவிட வேண்டாம், எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கே அதுதான் பெயர். அம்மா ராமலட்சுமி வீட்டில் உட்கார்ந்து "கட்டை அடுக்குவாள்", அதாவது மரச்சட்டங்களில் தீக்குச்சிகளை வரிசை பிடித்துச் செருகுவாள்; மழை விழுந்துவிட்டால் சட்டத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் புஞ்சைக்குப் போய்விடுவாள். அவர்களுக்கு நான் மூத்த பிள்ளை. என் பெயர் குருவம்மாள்.

அது அப்பாவைப் பெற்ற ஆச்சியின் பெயர். நான் பிறப்பதற்கு முந்தின வருஷமே ஆச்சி போய்ச் சேர்ந்துவிட்டதால் அவளை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயரை "விடுவது" எங்கள் பக்கத்து முறை. மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதும் முறை. இரண்டும் ஊரில் எல்லாருக்கும் தெரியும். இரண்டும் ஒரே வீட்டுக்குள் வந்து சேர்ந்தால் பெற்றவள் தன் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாமல் போகுமே என்பதை மட்டும் ஒருத்தரும் யோசிக்கவில்லை. ஆச்சி செத்துப்போனதால் விதி தளர்ந்துவிடும் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு எங்கள் ஊரைத் தெரியாது.

அம்மா அந்தப் பெயரை மட்டுமல்ல, அதன் நிழல் விழுந்த சொல்லையெல்லாம் தள்ளி வைத்திருந்தாள். முற்றத்தில் வந்து கம்பு பொறுக்கும் குருவி அவளுக்குச் "சிட்டு". கோடையில் என் முதுகு முழுக்க வருகிற வேர்க்குரு அவள் வாயில் "வேர்வைப் பொரிப்பு". பனங்குருத்தைக் கூட "அந்த இளசு" என்பாள். என்னை "ஏட்டி" என்பாள், "பெரியவளே" என்பாள், கோபம் தலைக்கேறினால் "அத்தையம்மா இன்னும் எந்திரிக்கலையோ" என்று மாமியாரையும் மகளையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து வாங்குவாள். அப்பா பெயரையும் அவள் சொல்ல முடியாது என்பதால் ரேஷன் கடைக்கு என்னைக் கையோடு கூட்டிப்போவாள். "கார்டு யாரு பேருல இருக்கு?" என்று கடைக்காரர் கேட்டதும் என் முதுகில் ஒரு இடி விழும், நான் அப்பா பெயரைச் சொல்வேன். அம்மாவுக்கு வாய் நான்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அந்தக் கர்வம் கோவில்பட்டித் தேரோட்டத்தில் முடிந்தது. அப்பா சேக்காளிகளோடு வடம் பிடிக்கப் போய்விட, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த நான் ஒரு வளையல் கடையில் நின்றேன், அம்மா நிற்காமல் போய்விட்டாள். என்னைக் காணோம் என்று தெரிந்ததும் அவள் "ஏட்டி! ஏட்டி!" என்று கூப்பிட்டிருக்கிறாள். தேரடிக் கூட்டத்தில் ஏட்டி என்றால் எத்தனை தலை திரும்பும்? திரும்பிய தலையெல்லாம் வேறு யாரோ பெற்றவை. அழுதுகொண்டே அவள் போலீஸ்காரர் மைக் வைத்திருந்த பந்தலுக்குப் போனாள்.

"பிள்ளை பேரு என்னம்மா?"

அம்மா பின்னால் திரும்பிப் பார்த்தாளாம். பெயரைச் சொல்ல வேண்டிய வாயைத்தானே அவள் தொலைத்துவிட்டு நின்றாள்.

"பேரைச் சொன்னாத்தானம்மா கூப்பிட முடியும். பெத்த பிள்ளை பேரு ஒனக்குத் தெரியலியா?"

"தெரியும்யா. சொல்லக்கூடாது."

"சொல்லக்கூடாதா? ஏம்மா, அது ஒம் பிள்ளைதானா?"

நல்லவேளை, பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "சார், மாமியா பேரா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவளே ஒவ்வொரு பெயராகக் கேட்க ஆரம்பித்தாள். மாரியம்மாளா? அம்மா தலையை ஆட்டினாள், இல்லை. காளியம்மாளா? இல்லை. வெள்ளையம்மாளா, சீனியம்மாளா, முத்தம்மாளா? இல்லை, இல்லை, இல்லை. சுற்றி நின்றவர்களும் சேர்ந்துகொண்டு ஆளுக்கொரு பெயரை ஏலம் போட, சிலர் சிரிக்கவும் செய்ய, எத்தனையோ அம்மாள்களுக்குப் பிறகு யாரோ குருவம்மாளைச் சொன்னார்கள். அம்மா ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். வளையல் கடை ஓரத்தில் அழுதுகொண்டு நின்ற என் காதில், முன்பின் தெரியாத ஒரு ஆண்குரல் என் பெயரை ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி கூப்பிட்டது. ஓடிப் போனேன். முதுகில் ஒரு அடி வைத்துவிட்டு, அப்புறம் மூச்சு முட்ட அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா என் கையை விடவே இல்லை. அப்போது அவளுக்கு மசக்கை. ஊருக்குள் நடக்கும்போதுதான் அப்பாவிடம் சொன்னாள்: "இந்தப் பிள்ளைக்காவது எம் வாயால கூப்பிடுத மாதிரி ஒரு பேரு வேணும். சொல்லிட்டேன்."

"பிள்ளை பிறக்கட்டும்" என்றார் அப்பா. "அக்காகிட்டயும் ஒரு வார்த்தை கேக்கணும்லா."

அக்கா என்றால் நாகலாபுரத்தில் வாழ்க்கைப்பட்ட என் அத்தை. பிள்ளையின் காதில் மூன்று தடவை பெயர் சொல்வது அத்தையின் உரிமை. அவள் வாய் திறக்காவிட்டால் பெயர் இல்லை. இது அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தும் அவள் தேட ஆரம்பித்தாள்.

தேடுவது அவ்வளவு லேசாக இல்லை. எங்கள் சொந்தத்தில் சாமி பெயர் ஒன்றுகூட மிச்சமில்லை. மீனாட்சி என்றால் சின்ன மாமியார், லட்சுமி என்றால் அப்பாவின் பெரியம்மா, பார்வதி என்றால் அத்தையின் மாமியார். கட்டை அடுக்கிக்கொண்டே அம்மா பெயர்களைக் கழித்துக்கொண்டு வந்தாள், அவள் சொல்ல முடியாதவற்றை நான் சொல்வேன். அப்படியானால் புதுப் பெயராக வைத்துவிட்டுப் போகலாமே என்று பள்ளிக்கூடத்திலிருந்து நான் கவிதாவைக் கொண்டுவந்தேன். அம்மா விளக்கு வைக்கிற நேரத்தில் தெருவில் இறங்கி "கவிதா!" என்று ஒரு குரல் கொடுத்தாள். மூன்று வீட்டுக் கதவு திறந்தது. "ஒண்ணுமில்லட்டி, போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தவள், "கூப்பிட்டா ஒரு தலைதான் திரும்பணும்" என்றாள். தேரடி அவள் மனதை விட்டுப் போகவில்லை.

காட்டில் கூப்பிட்டுப் பார்க்கிற யோசனையும் அதிலிருந்துதான் வந்தது. தொலைந்த பிள்ளைக்குக் கேட்க வேண்டும், தூரத்திலிருந்தும் கேட்க வேண்டும், இரைச்சலிலும் கேட்க வேண்டும். கேட்காத பெயர் இருந்தென்ன, போயென்ன என்று அவள் நினைத்தாள். எங்களுக்கு இருந்தது நாலு ஏக்கர் மானாவாரி. புரட்டாசியில் உழுது போட்டு மழைக்குக் காத்துக்கிடக்கிற கரிசலில் ஒரு செடி இருக்காது, ஒரு மேடு இருக்காது, இந்த ஓரத்தில் நின்றால் அந்த ஓரத்து உடைமரத்தின் முள் தெரியும். நான் உடைமரத்தடியில் நிற்க வேண்டும். அவள் கூப்பிடுகிற பெயர் முழுதாகக் கேட்டால் கையைத் தூக்க வேண்டும், பாதி கேட்டால் சும்மா நிற்க வேண்டும். காற்று எதிர்த்து அடிக்கிற நேரமாகப் பார்த்துத்தான் கூட்டிப்போவாள்.

பெயர் பொறுக்கிக்கொண்டு வருவது என் வேலை. ரேடியோவில் கேட்டது, பஸ்ஸில் கண்டக்டர் பேசிக்கொண்டிருந்தது, மளிகைப் பொட்டலத்தில் படித்தது என்று தினமும் ஐந்தாறு கொண்டுபோவேன். உமா பாதி வழியிலேயே காற்றில் கரைந்துபோனாள். ஜெயந்தி வந்தாள், ஆனால் ஜெயைக் காணோம். பத்மப்பிரியா என்று ஒரு நாகரிகமான பெயரை மூச்சு வாங்க வாங்க அம்மா கூப்பிட்டாள். "யா" மட்டும் என்னிடம் வந்து சேர்ந்தது, மற்றதெல்லாம் உழவுசாலில் விழுந்துவிட்டது. பெயர் என்றால் எழுதுவதற்கும் படிப்பதற்கும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அது ஒரு தொண்டையிலிருந்து புறப்பட்டு ஒரு காதுக்குப் போய்ச் சேர வேண்டிய சாமான் என்பதை அந்தப் புஞ்சையில்தான் அம்மா காட்டினாள். இன்றைக்கு வகுப்பில் வருகைப் பதிவேட்டைத் திறந்து எவ்வளவு சிக்கலான பெயரானாலும் முழுதாக, சத்தமாக, கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி நான் கூப்பிடுவேன். எந்தப் பிள்ளையின் பெயரையும் நான் சுருக்குவதில்லை.

ஊர் சும்மா இருக்குமா? "மாசமா இருக்கவளுக்குக் காத்துக் கருப்பு அடிச்சிட்டு" என்றார்கள். வழியோடு போன ஆட்டுக்கார மாமா ஒரு நாள் மந்தையை நிறுத்திவிட்டு வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏம் மதினி, ஒரு ஆடு தொலைஞ்சதுக்கா இம்புட்டுப் பேரு சொல்லிக் கூப்பிடுதீய?" என்றார். எதிர்வீட்டில் தெலுங்கு பேசுகிற சீத்தம்மா அத்தை மட்டும் கேலி பேசாமல், தொண்டைக்கு நல்லது என்று அந்தப் பனங்கற்கண்டைக் கொடுத்துவிட்டாள்.

எனக்கு வேறொன்று உள்ளே குடைந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் உடைமரத்தடிக்குப் போக மாட்டேன் என்று வரப்பிலேயே உட்கார்ந்துகொண்டேன். "எனக்கும் புதுசா ஒரு பேரு வையி. நீ கூப்பிடுத மாதிரி" என்றேன். அம்மா என் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தாள், வயிறு பெரிதாகிவிட்டதால் உட்காரவே அவளுக்கு நேரம் ஆகும். "ஒன் பேரு பெரிய பேருட்டி. அதை எடுத்துக் கீழ வைக்க எனக்குப் பாத்தியதை இல்ல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஒன்னை நான் ஒரு நாளும் மனசுக்குள்ள பேரு சொல்லாமக் கூப்பிட்டதில்ல, தெரியுமா" என்றாள். மனசுக்குள் கூப்பிட்டால் எனக்கு எப்படிக் கேட்கும் என்று நான் கேட்டேன். அம்மா எழுந்து மேற்கு ஓரத்துக்குப் போனாள், நானும் அழுது முடித்துவிட்டு மரத்தடிக்குப் போனேன்.

ஐப்பசி பிறந்து முதல் மழை கொட்டித் தீர்த்த மறுநாள். விதைப்புக்கு முன்னால் ஈரம் பார்க்க வந்த அம்மா, வந்ததுதான் வந்தோம், நாலு பெயரைக் கூப்பிட்டுப் பார்ப்போமே என்று என்னை அனுப்பிவைத்தாள். செருப்பில் அப்பிய கரிசல் காலுக்கு ஒரு படி கனம் ஏற்றியிருந்தது. நான் மரத்தடிக்குப் போய்ச் சேருவதற்குள் வானம் மறுபடி கறுத்து, மெல்லிசாகத் தூற ஆரம்பித்துவிட்டது. மழை பிடிக்கும் முன் என்னைத் திருப்பிக் கூப்பிட வேண்டும். கூப்பிட அவளிடம் என் பெயர் இல்லை. "ஏட்டி" அவ்வளவு தூரம் போகாது என்று அவளுக்கு இந்நேரம் நன்றாகத் தெரியும். அப்போது கண்முன் இருந்ததைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"தூவானம்... தூவா...னம்..."

அத்தனை நாளில் அப்படி ஒரு பெயர் என்னிடம் வந்து சேர்ந்ததில்லை. தூ என்று புறப்பட்டு, வா என்று விரிந்து, ஒரு எழுத்துக்கூடச் சிந்தாமல் ஈரக்காற்றோடு வந்து காதில் இறங்கியது. அவள் பெயரைச் சொன்னாளா, தூறலைச் சொன்னாளா என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. கேட்டது, கையைத் தூக்கினேன். அங்கே அம்மா ஒரு நிமிஷம் அசையாமல் நின்றாள். அப்புறம் தலையில் போட்டிருந்த முந்தானையை இறக்கிவிட்டு, இந்தத் தடவை பெயராகவே கூப்பிட்டாள். நான் இரண்டு கையையும் தூக்கினேன். சொந்தத்திலும் இல்லை, ஊரிலும் இல்லை, யாரும் யாருக்கும் வைத்ததில்லை. மழை இல்லாத சீமையில் எல்லார் வாயிலும் பழகிய சொல்.

கார்த்திகையில் கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் தங்கை பிறந்தாள். பதினாறாம் நாள் பெயர் விடுவதற்கு நாகலாபுரத்து அத்தை முந்தின நாளே வந்து இறங்கினாள், மடியில் வெள்ளிக் கொலுசு, வாயில் ஒரு முடிவு. கொலுசைத் தொட்டிலில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "தம்பிகிட்ட அப்பமே சொல்லிட்டேன். பொம்பளப் பிள்ளைன்னா எம் பேருதான். எனக்கு ஒரு புழு பூச்சி இல்ல. நான் போனா எம் பேரும் எங்கூடவே போயிரும்."

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவிடம் சொல்லாமல் அவர் தலையாட்டிவிட்டிருந்தார் என்பது அந்தச் சுவரைப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. அம்மா அழுவாள் என்று நினைத்தேன், சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அவள் தங்கையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: "மதினி, ஒங்களைப் பேரு சொல்லிக் கூப்பிட்டு எம்புட்டு நாளாச்சு?"

"இது என்ன கேள்வி?"

"சொல்லுங்களேன்."

அத்தை யோசித்தாள். அவள் புருஷன் "ஏட்டி" என்பார். நாகலாபுரத்துக்காரர்கள் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி அந்த ஊர்க்காரி என்பார்கள், எங்கள் ஊர்க்காரர்கள் நாகலாபுரத்தாள் என்பார்கள். அப்பாவுக்கு அக்கா, அம்மாவுக்கு மதினி, எனக்கு அத்தை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரை அவள் பெயர் என்ன என்று எனக்கே தெரியாது.

"எங்கம்மா இருந்தவரைக்கும் கூப்பிட்டா" என்றாள் அத்தை.

"ஒங்க பேரை இவளுக்கு விட்டா நான் வாய் தொறக்க முடியாது மதினி. அவிய, அக்கா பேராச்சேன்னு மருவாதிக்குப் 'பாப்பா'ம்பாவ. ஊரு சின்னவளேங்கும். இங்கன வந்தும் ஒங்க பேரு மூடித்தான் கெடக்கும். பெரியவ பேரு இந்த வீட்டுல கெடக்குல்லா, அது மாதிரி."

அத்தை கொலுசை எடுத்தாள், திரும்ப வைத்தாள். நீ பார்த்திருக்கிற பெயர் என்ன என்று கேட்டாள். அம்மா சொன்னாள்.

"தூவானமா? ஏட்டி, மழை விட்டும் தூவானம் விடலன்னு ஊரு சொல்லுமே! விடாத பீடைக்குல்லா அதைச் சொல்லுவாவ."

"விடாம இருக்கட்டும்னுதான் மதினி வைக்கேன்."

மறுநாள் காலையில் சொந்தக்காரர்கள் கூடியிருக்க, அத்தை என் தங்கையை மடியில் வாங்கி, வெற்றிலையால் வாயை மறைத்துக்கொண்டு, அந்தச் சின்னக் காதில் குனிந்தாள். என்ன சொல்வாளோ என்று அம்மாவின் கை என் தோளைப் பிடித்திருந்த பிடி இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அத்தை ரகசியமாகச் சொல்லவில்லை. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மூன்று தடவை சொன்னாள், தூவானம், தூவானம், தூவானம். பெரியவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா குனிந்து, பெற்ற பிள்ளையை முதன்முதலாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அப்போது அவள் முகத்தை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு யார் என்ன கேலி செய்தாலும் எனக்கு அந்தப் பெயர் பெருமையாகத்தான் இருந்தது.

சாப்பாடு முடிந்து எல்லாரும் சாய்ந்துகொண்ட நேரத்தில் அத்தை என் கையைப் பிடித்துப் புஞ்சைக்குக் கூட்டிப்போனாள். கம்பு முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. "ஒங்கம்மா கூத்து அடிச்சாளாமே, அதைக் காட்டு" என்றாள். நான் உடைமரத்துக்கு ஓடப் பார்த்தேன். "நீ இங்கனயே நில்லு, நான் போறேன்" என்று வரப்போடு நடந்து போய் அவளே மரத்தடியில் நின்றுகொண்டாள். போவதற்கு முன் என்னிடம் தன் பெயரைச் சொல்லியிருந்தாள். மரியாதைக் குறைவெல்லாம் இல்லை, தைரியமாகக் கூப்பிடு என்றும் சொல்லியிருந்தாள். அத்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட என் நாக்கு கூசியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, அம்மா கூப்பிடுகிற மாதிரியே இழுத்து, தொண்டை நோகக் கூப்பிட்டேன்.

"சண்முகத்தாயே..."

கண்ணைத் திறந்து பார்த்தபோது, அந்த ஓரத்தில் அத்தை கையைத் தூக்கியிருந்தாள். தூக்கிய கையை அவள் வெகு நேரம் இறக்கவில்லை. திரும்பி வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கேக்குதுட்டி, நல்லாக் கேக்குது" என்று மட்டும் சொன்னாள்.

என் தங்கை அந்தப் பெயரைச் சும்மா சுமக்கவில்லை, ஊர் வாயோடு மல்லுக்கட்டிச் சுமந்தாள். சீத்தம்மா அத்தை அவளைத் "தூவானமு" என்று கொஞ்சுவாள். ஆட்டுக்கார மாமாவுக்குத் "தூவானோ". பள்ளிக்கூடத்தில் பையன்கள் தரையில் தூ என்று துப்பிவிட்டு வானத்தைக் காட்டிச் சிரிப்பார்கள். ஏழு வயதில் அவள் அவர்களிடம் சொன்னது ஊரில் பிரசித்தம்: "அண்ணாந்து துப்பு பாப்போம். மல்லாந்து துப்பினா ஒன் மார் மேலதான் விழும்." இப்போது ஹைதராபாத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே துவனம் என்கிறார்கள், டோவானம் என்கிறார்கள், ஒரு டாக்டர் சுருக்கமாக வாணி என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். "எங்க அத்தை என் காதுல மூணு தடவை சொன்னாங்க டாக்டர், நீங்களும் மூணு தடவை சொல்லிப் பாருங்க, வந்துரும்" என்றாளாம். வந்துவிட்டது.

இன்றைக்கு எங்கள் ஊரிலும் கைப்பேசியில் தேடித்தான் பெயர் வைக்கிறார்கள். ஒரே வகுப்பில் எனக்கு மூன்று யாழினிகள் இருக்கிறார்கள், மூன்று பேரையும் அவர்கள் வீட்டில் மூன்று விதமாகக் கூப்பிடுகிறார்கள். சிலிண்டர் கொண்டுவருகிற ஆள் கேட்டால் மருமகள்கள் மாமனார் பெயரை இனிஷியலோடு சொல்லுகிறார்கள். சொல்லட்டும், அந்த முறை ஒழிந்ததற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடமாட்டேன். புஞ்சையில் பாதிக்குச் சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டுவிட்டது. அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம் இப்போது தெரியாது, கத்தினால் கேட்காது, கத்த வேண்டிய அவசியமும் யாருக்கும் இல்லை. அத்தை காலமாகிவிட்டாள். அம்மா மட்டும் மாறவில்லை. ஊரே மாறிய பிறகும், எத்தனையோ தடவை நான் கெஞ்சிக் கேட்டும், மாமியார் பெயரை அவள் இன்றுவரை வாயால் சொன்னதில்லை.

போன பொங்கலுக்குத் தங்கையும் நானும் ஒன்றாக ஊருக்குப் போயிருந்தோம். உள்ளே கதை பேசிக்கொண்டிருந்தபோது, பின்புறத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. வயது எழுபதைத் தாண்டியும் தொண்டை அப்படியே இருக்கிறது.

"தூவா...னம்..."

இரண்டு பேரும் எழுந்துவிட்டோம். எனக்கு வெட்கமாகப் போயிற்று; அந்தக் குரலில் அந்தப் பெயர் கேட்டால் என் கால் என்னைக் கேட்காமல் எழுந்துவிடுகிறது, என்ன செய்ய? தங்கை என்னைப் பார்த்தாள், சிரித்தாள், திரும்ப உட்கார்ந்துகொண்டாள்.

"நீ போக்கா. ஒன்னத்தான் கூப்பிடுதா."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"என்னைக் கூப்பிடுததுன்னா அவளுக்கு ஏட்டி போதும். இப்படி இழுத்துக் கூப்பிடுதது எல்லாம் ஒன்னைத்தான். சின்ன வயசுல இருந்தே எனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியவில்லையே, இத்தனை வருஷமாக. பின்புறம் போனேன். அம்மா முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்:

"கூப்பிட்டா வர இம்புட்டு நேரமா?"